ரோஸ்லின் அறைந்த அறை

ரோஸ்லின் என் அக்காவின் கன்னத்தில் அறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வலை மட்டும்தான் இருந்தது. அதனால்தான் எங்கள் ஊரில் இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அப்படிச் சொல்லுகிறவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் ஊர் உடன்குடிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். வீட்டில் எதை எடுத்தாலும், பாடப்புத்தகம் உட்பட, லேசாகக் கருப்பட்டி வாசம் அடிக்கும். அக்கா பள்ளிக்கூடத்துப் பெண்கள் கால்பந்து அணிக்குக் கேப்டன். பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவள். உயரம் கொஞ்சம் குறைச்சல். ஆனால் ஒருத்தி பந்தோடு வருகிறாள் என்றால் அவள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறாள் என்பது அவளுக்கே தெரிவதற்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும். எதிரில் வருகிறவளின் காலைப் பார்க்கமாட்டாள், இடுப்பைப் பார்ப்பாள். கால் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

அவள் விளையாடுவதில் பெரியப்பாவுக்குச் சம்மதமே கிடையாது. கூட்டுக் குடும்பம் இல்லை என்றாலும் எங்கள் வீட்டில் மின்விசிறி வாங்குவதற்கும் பெரியப்பாவைக் கேட்க வேண்டும். பெண்பிள்ளை நிக்கர் போட்டுக்கொண்டு ஓடுவதை ஊரே பார்க்கிறது என்று குறைபட்டுக்கொண்டே இருப்பார். அணி அரையிறுதியில் ஜெயித்த பிறகு அதே ஊரிடம் "நம்ம வீட்டுப் பிள்ள" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இறுதி ஆட்டத்துக்குத் தூத்துக்குடிக்குப் போக வேன் பிடித்தபோது முன் இருக்கையில் முதலில் ஏறி உட்கார்ந்தவரும் அவர்தான்.

எதிரணி கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்திருந்தது. வருஷா வருஷம் கடைசியில் இந்த இரண்டு அணிகளும்தான் மோதிக்கொள்ளும். அவர்களுக்கு ரோஸ்லின் கேப்டன். அவளுடைய அப்பா சங்கு குளிக்கப் போகிறவர். அவள் முன்னால் நின்று ஆடுகிறவள், நெடுநெடுவென்று இருப்பாள், ஓடும்போது தலை ஆடாது. நான் அவளை மனதார வெறுத்தேன். முந்தின வருஷம் எங்களுக்கு இரண்டு கோல் போட்டவள், வெறுக்காமல் என்ன செய்வது.

மைதானம் உப்பளத்தை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் உப்புக் குவியல்கள், மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள். தரை உப்புப் பூத்து வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அவர்கள் ஊரில் யாரோ ஒரு பெரிய மனிதர் புதுச் சீருடை எடுத்துக் கொடுத்திருந்தார். மேலே வெள்ளை, கீழே வெள்ளை, காலுறைகூட வெள்ளை. எங்கள் பெண்கள் பழைய கரும்பச்சையில் கொஞ்சம் ஏழைகளாகத் தெரிந்தார்கள். ஆட வந்தவர்களையும் என்னையும் விட்டால் இரண்டு தரப்பிலும் வந்திருந்தது ஆண்கள்தான். அப்பாக்கள், அண்ணன்கள், மாமாக்கள், அவர்களுடைய நண்பர்கள், நண்பர்களுடைய நண்பர்கள். பி.டி. மாஸ்டர்களும் ஆண்கள். விசிலும் ஆணிடம்தான் இருந்தது.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. ரோஸ்லின் பந்தை எடுத்துக்கொண்டு எங்கள் கோலை நோக்கி, அதாவது என்னை நோக்கி, வந்தாள். அக்கா குறுக்கே போனாள். இரண்டு பேர் காலும் பந்தில் விழுந்தது. ரோஸ்லின் விழுந்தாள். நடுவர் விசில் ஊதி, ஃபிரீ கிக் என்று கை காட்டினார். இதுவரை யாருக்கும் தகராறு இல்லை. ரோஸ்லின் எழுந்து, பந்தை வைப்பதற்காகக் குனிந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அடுத்து நடந்ததுதான் வழக்கு. அக்கா திடீரென்று பாய்ந்து ரோஸ்லினைப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். ரோஸ்லின் உதறினாள். "விடுளா, என்னளா செய்த" என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அக்கா விடவில்லை. ரோஸ்லின் உடம்பை முறுக்கித் திரும்பிக் கையை ஓங்கி, பளாரென்று ஒரு அறை. அக்காவின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பிப் போயிற்று. அப்போதும் அவள் பிடியை விடவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டு, ரோஸ்லினின் காதில் வாயை வைத்தாள். இரண்டு பேரும் அப்படியே மடங்கித் தரையில் விழுந்தார்கள்.

எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் அறை மட்டும் தெரியும். அவர்கள் ஆட்கள் இருந்த பக்கத்திலிருந்து பார்த்தால் அக்கா பின்னாலிருந்து பிடித்ததும் கீழே தள்ளியதும் தெரியும். இரண்டு தரப்பும் தாங்கள் பார்த்ததை முழு உண்மை என்று எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. எங்கள் தரப்பில் முதலில் இறங்கியது பெரியப்பா. பெண்பிள்ளை மைதானத்தில் இறங்கக் கூடாது என்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் குடையோடு, நடுக்கோட்டைத் தாண்டி ஓடினார். அந்தப் பக்கத்திலிருந்து மூலைக்கொடிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஒருவர் வந்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன. நடுவர் ஊதிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரிடம் விசிலும் இல்லை.

நானும் ஓடினேன். அக்காவை அறைந்தவளைக் கடித்துவிட வேண்டும் என்றுதான் ஓடினேன், பொய் சொல்லவில்லை. ஆனால் என்னால் கிட்டே போக முடியவில்லை. இரண்டு அணிப் பெண்களும் ஒன்றாகச் சேர்ந்து அவர்கள் இருவரையும் சுற்றி வட்டமாக நின்றிருந்தார்கள். வெள்ளையும் கரும்பச்சையுமாகத் தோளோடு தோள் ஒட்டி, முகத்தை வெளியே பார்த்து நின்றார்கள். அதுவரை ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தவர்கள். அப்பா வந்து அக்காவைக் கூப்பிட்டபோதுகூட விலகவில்லை. எங்கள் கோல்கீப்பர் அக்கா, வீட்டுக்கு வந்தால் அப்பா முன்னால் உட்காரக் கூசுகிறவள், "உள்ள வராதீங்க மாமா, அங்கன போங்க" என்று அதட்டினாள். அப்பாவின் சட்டை அதற்குள் முதுகில் கிழிந்திருந்தது. அவர் திகைத்துப்போய் நின்றுவிட்டார்.

வட்டத்துக்குள்ளிருந்து அக்கா என்னைப் பார்த்துவிட்டாள். "ஏளா, என் பேக்க எடுத்துட்டு ஓடியா" என்றாள். அழுகை இல்லை. கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. நான் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காயத்துக்கு மருந்து எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எடுத்தது தன்னுடைய ஜாக்கெட்டை. முதுகில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயர் போட்ட, குளிரே இல்லாத ஊரில் பெருமைக்காக மட்டும் போட்டுக்கொள்கிற ஜாக்கெட். மாநிலப் போட்டிக்குப் போனபோது கிடைத்தது. அதை என்னைத் தொடக்கூட விடமாட்டாள். அதை ரோஸ்லினின் இடுப்பில் சுற்றிக் கைகளை முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டாள். ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் அழ என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அடித்தவள் அவள். அழ வேண்டியவள் என் அக்கா.

நாற்காலிகளுக்கும் கெட்ட வார்த்தைகளுக்கும் நடுவே அந்த வட்டம் அப்படியே கலையாமல் நகர்ந்து நகர்ந்து அவர்களுடைய வேன் வரைக்கும் போனது. எங்கள் ஜாக்கெட்டும் அதில் ஏறிப் போனது.

திரும்பி வரும் வழியெல்லாம் வேனில் ஒரே முழக்கம். பெரியப்பாவின் சுண்டுவிரலில் கைக்குட்டை கட்டியிருந்தது. அந்த அறைக்குப் பதில் சொல்லாமல் விடுவதில்லை என்றார். அக்கா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். "எக்கா, அவ ஒன்ன அடிச்சா. நீ ஜாக்கெட்ட ஏன் குடுத்த?" என்று கேட்டேன். "சும்மா வா" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா முதலில் ஜாக்கெட்டைக் கேட்டுத்தான் சத்தம் போட்டாள். அக்கா அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயடியில் நின்று மெதுவாக என்னவோ சொன்னாள். நான் கதவிடுக்கில் நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் முகம் மட்டும் மாறியது. கையைத் துடைத்துவிட்டு அக்காவின் வீங்கின கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லதுதான் செஞ்சிருக்க. உள்ள போ" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் வீட்டில் என்னையும் பெரியப்பாவையும் தவிர யாருக்கும் மானம் ரோஷம் இல்லை என்று அன்றைக்கு முடிவுசெய்தேன்.

அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். போட்டி நடத்தியவர்கள், இரண்டு ஊர்ப் பெரியவர்கள், பி.டி. மாஸ்டர்கள் எல்லாரும் ஒரு பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவோடு நானும் போயிருந்தேன். பெரியப்பா சாட்சியாக வந்திருந்தார். குடையோடு உள்ளே ஓடினவர் சாட்சி. மூலைக்கொடிக் கம்பைப் பிடுங்கினவரும் சாட்சி. இரண்டு பேருக்கும் டீ வந்தது. அக்காவும் ரோஸ்லினும் நின்றுகொண்டிருந்தார்கள். ரோஸ்லினின் அப்பா சுவரோரம் நின்றார். தண்ணீருக்குள்ளேயே கிடந்து அவருடைய கண்கள் எப்போதும் சிவந்திருக்கும் போலிருக்கிறது. என் பார்வைக்கு அவர் கோபக்காரராகத் தெரிந்தார்.

"கையை ஓங்குனது உண்மையா?" என்று ரோஸ்லினைக் கேட்டார்கள்.

"தெரியாமப் பட்டுட்டு சார்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய். நான் பாத்தேன். அவதான் அடிச்சா, எங்க அக்கா அடிக்கவே இல்ல" என்று கத்தினேன். அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அக்கா என் தோளை அழுத்திப் பிடித்தாள். "இவ சின்னப்பிள்ள சார். தூரத்துல இருந்தா, ஒண்ணும் தெரியாது" என்றாள்.

தூரத்திலா. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வலைதான் இருந்தது. கூடப் பிறந்தவளே என்னைப் பொய்க்காரியாக்கியதை அந்த வயதில் எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர்தான். அக்காவிடம் இறங்கித்தான் பேசினார். "ஏம்மா, அடுத்த மாசம் மாவட்ட அணித் தேர்வு வருது. உன் பேரும் இருக்கு. அந்தப் பிள்ளைய நீ ஏன் பின்னாடி இருந்து பிடிச்ச? காரணம் இருந்தாச் சொல்லு. உன்னைய மட்டுமாவது விட்டுரலாம்."

அக்கா ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன். பயப்படட்டும் என்று சந்தோஷப்பட்டேன். அக்காவுக்கு அந்தத் தேர்வு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து தேரிமணலில் ஓடிவிட்டு வந்து, காலில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவிய பிறகுதான் அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"கால் தடுக்குச்சு சார். விழாம இருக்கப் பிடிச்சேன்" என்றாள் அக்கா.

யாரும் நம்பவில்லை. இரண்டு அணிகளையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள். இரண்டு கேப்டன்களும் அந்த வருஷம் முழுக்க எங்கேயும் ஆடக் கூடாது என்றார்கள். கை நீட்டியதற்காக ரோஸ்லினுக்கு இன்னும் ஒரு வருஷம் கூடுதல். மைதானத்துக்குள் இறங்கியவர்களைப் பற்றி, ஊர்ப் பெரியவர்கள் இனிமேல் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். பெரியவர்களும் தலையை ஆட்டினார்கள். வெளியே வந்ததும் பெரியப்பா அப்பாவிடம், "பொம்பளப் பிள்ளய காலால வெளையாட விட்டா இப்படித்தான். போதும், நிறுத்து" என்றார். அப்பா நிறுத்திவிட்டார். அக்காவின் பூட்ஸ் பரணுக்குப் போனது.

சில வாரம் கழித்து, கடற்கரையிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள் ஒரு பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தாள். ஜாக்கெட். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. அம்மா உள்ளே போய் உளுந்தம்பருப்பும் கருப்பட்டியும் கட்டி எடுத்துவந்து, "அந்தப் பிள்ளைக்குக் களி கிண்டிக் குடுக்கச் சொல்லுங்க" என்று கொடுத்தாள். மீன்காரம்மாள் "சொல்லுதேன்" என்று வாங்கிக்கொண்டாள். அக்காவை அறைந்தவளுக்கு எங்கள் கடையின் முதல்தரக் கருப்பட்டி. நான் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. எதற்காகச் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து நான் பெரியவளானேன். எங்கள் ஊரில் அதற்கு மண்டபம் பிடித்தார்கள். பட்டுப் புடவையில் கன்னத்தில் கைவைத்து நான் சிரிக்கிற படத்தைப் பெரிய பேனராக அடித்து, பஸ் நிற்கிற முக்கில் கட்டினார்கள். எனக்கு என்ன ஆகிவிட்டது என்பதைத் திருச்செந்தூருக்குப் போகிற வருகிறவர்கள் எல்லாரும் படித்துக்கொண்டு போனார்கள். "அனைவரும் வருக" என்று கீழே பெரியப்பாவின் பெயர்.

அன்று காலை, எனக்குப் புடவை கட்டிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அக்கா சொன்னாள். கொசுவத்தை மடித்துக்கொண்டே, ஏதோ கடைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். ரோஸ்லின் பந்தை வைக்கக் குனிந்தபோது அந்தப் புது வெள்ளை நிக்கரில் திட்டாகச் சிவந்திருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் அவ்வளவு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்கு யோசிக்க நேரமில்லை, தன் உடம்பால் மறைத்தாள். அறை வாங்கியபிறகு காதில் சொன்னாள். ஓடிவந்த மற்றப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நீ ஆடியிருப்பல்லா" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அக்கா அப்போது கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தாள். பந்தைத் தொட்டு மூன்று வருஷம். ரோஸ்லினும் தண்டனை முடியும் முன்பே இறால் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டாளாம். "மை கலைஞ்சிரும், அழாத" என்றாள் அக்கா.

பந்தி முடிந்து, வீட்டு ஆட்கள் மட்டும் மண்டபத்தில் இருந்தபோது பெரியப்பா யாரோ ஒரு சம்பந்திக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "கடற்கரைக்காரி எங்க பிள்ளய அடிச்சா பாருங்க, ஒரு அடி. நான் மட்டும் அன்னைக்கு உள்ள எறங்கலன்னா" என்று அவர் தொடங்கியதும் நான் மாலையும் நகையுமாக எழுந்து போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "அது சண்டையே இல்ல பெரியப்பா. அந்த அக்காவுக்குத் தீட்டு வந்து நிக்கர்ல பட்டுட்டு. எங்க அக்கா மறைச்சா. நீங்கதான் சண்டை போட்டீங்க."

சித்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். சம்பந்தி மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். அந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை பேரையும் கூப்பிட்டு இலை போட்டிருந்தார்கள். அதை நான் வாயால் சொன்னது மட்டும் அவர்களுக்குக் கூசியது. அப்பா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய், கழுவாத இலைக்கட்டு ஒன்றை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தார்.

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். குரலைத் தாழ்த்தி அக்காவிடம், "ஏளா, அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

"யார்ட்ட பெரியப்பா?" என்றாள் அக்கா.

அக்கா என் மாலையைச் சரிசெய்துவிட்டுப் பாத்திரங்களை எண்ணப் போய்விட்டாள்.

அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூட அறையில், பத்து வயதில், அக்காவுக்கு வாய் இருந்தும் பேசவில்லையே என்றுதான் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை நன்றாகப் பார்த்தேன். எல்லாரும் பெரியவர்கள், வெள்ளைச் சட்டைக்காரர்கள், கேள்வி கேட்கிறவர்கள். உண்மையைச் சொன்னால் கேட்டுக்கொள்வதற்காகத்தான் அவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்பினேன்.